சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

வெகு தொலைவில் உள்ள இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடினால் உடனே ஒரு விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் ஓரிடத்தில் 15,300 கிலோமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 16,700 கிலோமீட்டர் என்றும் இருக்கும்; பயண நேரம் 17 மணி என்று ஒரு பக்கமும், 18 மணி 50 நிமிடம் என்று பயணச்சீட்டும் சொல்லும். இவற்றில் எதுவும் தவறில்லை. அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள், அவ்வளவுதான். பூமியின் மேற்பரப்பில் உள்ள மிகக் குறுகிய தொலைவு ஒன்று, விமானம் உண்மையில் பறக்கும் வழியின் நீளம் மற்றொன்று, கடிகாரமும் நாள்காட்டியும் காட்டும் நேரம் மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிடப் பழகிக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் சேவைகள் இயங்கும் சிங்கப்பூர்–நியூயார்க் வழியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் இவ்வழியில் போய்வருகிறார்கள். முதல் முறை வரவேற்கச் சென்றபோது தேதியைத் தவறாகக் கணக்கிட்டு ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் போய் நின்றவன் நான் என்பதால், இந்தக் கணக்கின் மீது எனக்குத் தனி அக்கறை உண்டு.

நேர்த் தொலைவு

முதலில் விமான நிலையத்தைத் துல்லியமாகத் தீர்மானிக்க வேண்டும். நியூயார்க் என்று சொல்லப்படும் பயணங்கள் ஜான் எஃப். கென்னடி நிலையத்தில் இறங்கலாம். ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள நுவார்க்கிலும் இறங்கலாம். தொலைவுக் கணக்கில் இவற்றின் வேறுபாடு சில கிலோமீட்டர்தான் என்றாலும், அழைத்துவர வண்டியோட்டிச் செல்பவருக்கு அது நகரின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் உள்ள வேறுபாடு. பயணச்சீட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, இரு நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாங்கி 1.36 பாகை வடக்கிலும் 103.99 பாகை கிழக்கிலும் அமைந்துள்ளது. கென்னடி நிலையம் 40.64 பாகை வடக்கிலும் 73.78 பாகை மேற்கிலும் உள்ளது. சில வரைபடங்கள் பாகை, கலை, விகலை என்று தரும்; கலையை 60ஆலும் விகலையை 3,600ஆலும் வகுத்துப் பாகையுடன் கூட்டினால் தசம வடிவம் கிடைக்கும்.

கையில் எதுவும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள உலக உருண்டை போதும். சிங்கப்பூரில் ஒரு நூலின் முனையை வைத்து, நியூயார்க் வரை இழுத்துப் பிடித்து, அந்த நூலை அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 425 கிலோமீட்டர். நூல் 36 சென்டிமீட்டர் வரும். பெருக்கினால் 15,300 கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம், ஏனெனில் நூல் எந்த வழியாகப் போகிறது என்பது அவர்களுக்குக் கண்கூடாகத் தெரியும். தட்டையான வரைபடத்தில் பசிபிக் பெருங்கடலையோ இந்தியப் பெருங்கடலையோ கடந்து போக வேண்டும் என்று தோன்றுகிற வழி, உருண்டையில் நேரே வடக்கு நோக்கிச் சென்று, வட துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபுறம் தெற்கே இறங்குகிறது. உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட ஒரு பெருவட்டத்தின் பகுதியாகவே இருக்கும்.

நூலை விடத் துல்லியம் வேண்டுமென்றால் பள்ளிக் கணிதமே போதும். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு பெருக்கற்பலன்களையும் கூட்டினால், இரு இடங்களுக்கும் இடையே பூமியின் மையத்தில் அமையும் கோணத்தின் கொசைன் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் முதற்பெருக்கம் 0.0155, இரண்டாவது −0.7580, கூட்டுத்தொகை −0.7426. அதற்குரிய கோணம் 137.95 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டால் மேற்பரப்பில் ஒரு பாகை 111.2 கிலோமீட்டர் ஆகும். எனவே தொலைவு ஏறக்குறைய 15,340 கிலோமீட்டர்.

பூமி முழு உருண்டையன்று, துருவங்களில் சற்றே தட்டையானது. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர். இதனால் மேற்கண்ட முறையில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். பயணத் திட்டத்திற்கு அது பொருட்டல்ல. விமானத் துறையினர் தொலைவைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அதாவது மேற்பரப்பில் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. ஆகவே கோணத்தை 60ஆல் பெருக்கினாலே ஏறக்குறைய 8,280 கடல் மைல் என்ற விடை வந்துவிடும்.

இந்த இரு நகரங்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. 103.99ஐயும் 73.78ஐயும் கூட்டினால் 177.77 பாகை, ஏறத்தாழ 180. அதாவது இரண்டும் பூமியின் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் அமைந்துள்ளன. அப்படி அமைந்தால் முக்கோணவியலே வேண்டாம்: 180இலிருந்து இரு வடக்கு அட்சரேகைகளின் கூட்டுத்தொகையான 42ஐக் கழித்தால் 138 பாகை. மேலே நீட்டிச் செய்த கணக்கின் விடையும் இதுவே. குறுகிய வழி வட துருவத்திலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர் தள்ளியே செல்கிறது.

பெரும்பாலானோர் தவறும் இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி இட வேண்டும். தெற்கு அட்சரேகைக்கும் அப்படியே. அதை மறந்து 103.99இலிருந்து 73.78ஐக் கழித்துக் கணக்கிட்டால் 5,320 கிலோமீட்டர் என்று விடை வரும். அது கிர்கிஸ்தானின் மலைகளுக்கு உள்ள தொலைவு, நியூயார்க்கிற்கு அன்று. கணினியின் விரிதாளில் செய்பவர்கள் பாகையை ரேடியனாக மாற்றவும் மறக்கக் கூடாது. விடை 20,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் கணக்கில் பிழை இருப்பது உறுதி. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என்பதால் எந்த இரு இடங்களும் அதில் பாதிக்கு மேல் விலகியிருக்க முடியாது.

விமானம் பறக்கும் வழி

15,340 என்ற எண்ணை 900ஆல் வகுத்து 17 மணி நேரம் என்று முடித்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் நுவார்க்கிற்கு இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, வழியின் நீளம் ஏறக்குறைய 16,700 கிலோமீட்டர் என்றும் பயண நேரம் 18 மணி 45 நிமிடம் வரை ஆகும் என்றும் அறிவித்தது. நேர்த் தொலைவை விட இது ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல். இந்தக் கூடுதலுக்குக் காரணங்கள் உண்டு.

நேர்வழி லாவோஸ், சீனாவின் மேற்கு மாநிலங்கள், மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், வடமேற்குக் கிரீன்லாந்து, கனடாவின் கியூபெக் ஆகியவற்றின் மேல் செல்கிறது. இவ்வழியில் ஒரு நாட்டின் வான்வெளி அடைபட்டாலும் விமானம் சுற்றிச் செல்ல வேண்டியதுதான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பின் ரஷ்ய வான்வெளி பல நாடுகளின் விமானங்களுக்கு மூடப்பட்டபோது, பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறக்குறைய ஒன்பதரை மணியிலிருந்து 13 மணியாக நீண்டது. இரு நகரங்களுக்கும் இடையிலான தொலைவு ஒரு மீட்டர்கூட மாறவில்லை. பயணம் மட்டும் மூன்றரை மணி கூடியது. பழைய பதிவுகளில் உள்ள பயண நேரத்தை நம்பி இன்றைய பயணத்தைத் திட்டமிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய காரணம் காற்று. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. குளிர்காலத்தில் அது வலுத்து, சில வேளைகளில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். 2020 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் பறந்து முடித்தது; சுமார் 5,540 கிலோமீட்டர் கொண்ட அவ்வழியில் கிழக்கு நோக்கிப் போக வழக்கமாக ஏழு மணி நேரத்தை ஒட்டியும், மேற்கு நோக்கித் திரும்ப எட்டு மணி நேரத்தை ஒட்டியும் ஆகும். ஆற்றில் படகு விடுபவர் நீரோட்டத்தைப் பார்ப்பது போல, விமானத்தின் வழியை வகுப்பவர்கள் ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்தே வழி தேர்கிறார்கள். தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்றால் அந்த வழியே அன்றைக்குச் சிறந்த வழி.

சிங்கப்பூர்–நியூயார்க் பயணத்தில் இதன் விளைவு வியப்பூட்டுவது. பல நாட்களில் சிங்கப்பூரிலிருந்து செல்லும் விமானம் கிழக்கே திரும்பி, ஜப்பானுக்கு அருகே கடந்து, வட பசிபிக் வழியாக அமெரிக்காவை அடைகிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும் விமானமும் கிழக்கு நோக்கியே அட்லாண்டிக் பெருங்கடலையும் ஐரோப்பாவையும் கடந்து வருகிறது. போக்கும் வரவும் கிழக்கே. அப்படி நடக்கும்போது பயணி பூமியை முழுமையாக ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறார்.

பறக்கும் வழியின் நீளத்தை மதிப்பிட, வழியில் ஓர் ஊரைத் தேர்ந்து கணக்கை இரண்டாக உடைப்பதே எளிது. பசிபிக் வழிக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து ஆங்கரேஜ் 10,725 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் 5,430 கிலோமீட்டர், மொத்தம் ஏறக்குறைய 16,155. அட்லாண்டிக் வழிக்கு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டை வைத்துக்கொண்டால் 10,280ம் 6,190ம் சேர்ந்து ஏறக்குறைய 16,470. துருவத்தை ஒட்டிய வழியை விட்டு இவ்வளவு விலகியும் கூடுவது ஐந்து முதல் ஏழு சதவீதம்தான். உருண்டையின் தன்மை அது. வழியில் இறங்கி விமானம் மாறுபவர்களுக்கும் இதே கணக்குத்தான்; காத்திருக்கும் நேரத்தை மட்டும் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

தொலைவை நேரமாக மாற்றுவது

நீண்ட தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கின்றன. அந்த உயரத்தின் கடுங்குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு ஏறக்குறைய 1,060 கிலோமீட்டராகக் குறைந்துவிடுவதால், விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். இது காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்த வேகத்தை அறிய, பின்னிருந்து தள்ளும் காற்றின் வேகத்தைக் கூட்ட வேண்டும். எதிர்க்காற்றாயின் கழிக்க வேண்டும். வழி முழுவதும் காற்று ஒரே சீராக வீசாது என்பதால், இத்தகைய நெடும்பயணத்திற்குச் சராசரியாக மணிக்கு 20 முதல் 50 கிலோமீட்டர் உதவி என்று எடுத்துக்கொள்வது நியாயமான ஊகம்.

பசிபிக் வழிக்கு 16,155ஐ 950ஆல் வகுத்தால் 17 மணி. மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவு என்பதற்காக 20 நிமிடம் கூட்டுங்கள். வாயிலிலிருந்து ஓடுபாதை வரையிலும், இறங்கிய பின் ஓடுபாதையிலிருந்து வாயில் வரையிலும் விமானம் ஊர்ந்து செல்லும் நேரத்திற்காக 35 நிமிடம் கூட்டுங்கள். ஏறக்குறைய 17 மணி 55 நிமிடம் வருகிறது. அட்லாண்டிக் வழிக்கு 16,470ஐ 920ஆல் வகுத்து, அதே 55 நிமிடத்தைக் கூட்டினால் 18 மணி 50 நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. பயணச்சீட்டில் அச்சிடப்படுவது, புறப்படும் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து சேரும் வாயிலில் நிற்பது வரையிலான நேரம். நெரிசலுக்காக நிறுவனங்கள் சற்றுக் கூடுதலும் சேர்த்தே அறிவிக்கின்றன. எனவே சீட்டில் 18 மணி 40 நிமிடம் என்றிருந்து, விமானம் காற்றில் இருந்தது 17 மணி 30 நிமிடம்தான் என்று தெரியவந்தால் முரண்பாடு எதுவும் இல்லை.

கடிகாரக் கணக்கு

பயணத்தின் நீளத்தை அறிந்த பின்னும் எந்த நாள், எத்தனை மணிக்குச் சேர்வோம் என்பது தனிக் கேள்வி. இதில் மனக்கணக்குப் போடாதீர்கள். ஒருங்கிணைந்த உலக நேரத்திற்கு மாற்றி, பயண நேரத்தைக் கூட்டி, சேரும் ஊரின் நேரத்திற்கு மீண்டும் மாற்றுவது ஒன்றே தவறாத வழி. சிங்கப்பூர் உலக நேரத்தை விட 8 மணி முன்னே உள்ளது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி, கோடைகால நேர மாற்றம் நடப்பில் உள்ளபோது 4 மணி பின்னே உள்ளது. இந்த மாற்றம் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தொடங்கி, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு முடிகிறது. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையே 13 மணி அல்லது 12 மணி வேறுபாடு.

குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை நண்பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரில் புறப்பட்டு 18 மணி 30 நிமிடம் பறப்பதாகக் கொள்வோம். புறப்படும் கணம் உலக நேரப்படி திங்கள் காலை 4 மணி. சேரும் கணம் திங்கள் இரவு 10.30. அதிலிருந்து 5 மணியைக் கழித்தால் நியூயார்க்கில் திங்கள் மாலை 5.30. கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஐந்தரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் புறப்பட்டு 18 மணி 50 நிமிடம் பறந்தால், உலக நேரப்படி செவ்வாய் காலை 3 மணிக்குக் கிளம்பி செவ்வாய் இரவு 9.50க்குச் சேர்கிறோம், 8 மணியைக் கூட்டினால் சிங்கப்பூரில் புதன் காலை 5.50. திங்கள் கிளம்பியவர் செவ்வாய்தானே வருவார் என்று எண்ணி நான் ஏமாந்தது இங்கேதான். பயணச்சீட்டில் சேரும் நேரத்தின் அருகே கூட்டல் குறியுடன் 1 அல்லது 2 என்று சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். எத்தனை நாள் தள்ளி என்பதை அது சொல்கிறது. அந்தச் சிறு எண்ணைப் பார்க்காமல் யாரையும் விமான நிலையத்திற்கு அனுப்பாதீர்கள்.

பயண நேரம் தெரியாமல் கால அட்டவணை மட்டும் கையில் இருந்தால் ஓர் எளிய வழி உண்டு. போகும்போது கடிகாரம் காட்டும் வேறுபாடு 5 மணி 30 நிமிடம். திரும்பும்போது காட்டுவது 31 மணி 50 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 37 மணி 20 நிமிடம். நேர வேறுபாடு ஒரு பக்கம் கூடியதும் மறுபக்கம் குறைந்ததுமாகத் தானே அடிபட்டுப் போவதால், இது இரு பயணங்களின் உண்மையான மொத்த நேரம். பாதியாக்கினால் ஒரு பயணத்தின் சராசரி 18 மணி 40 நிமிடம். இரு பயணங்களுக்கு நடுவே கோடைகால மாற்றம் குறுக்கிட்டால் மட்டும் ஒரு மணி நேரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

தீர்க்கரேகையை 15ஆல் வகுத்து நேரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பள்ளியில் படித்ததை இங்கே பயன்படுத்தாதீர்கள். அந்தக் கணக்கின்படி சிங்கப்பூர் 7 மணி முன்னே இருக்க வேண்டும்; நடைமுறையில் 8 மணி. நேர மண்டலங்களை அரசுகள் வகுக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி, நேபாளம் ஐந்தே முக்கால் மணி என்று அரை, கால் மணிகளும் உண்டு.

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றிற்கு வேளை தவறாமல் மருந்து எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் பயணம் செய்தால், இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மருந்துகளுக்கு இடையே கழிந்த மணி நேரம்தான் முக்கியம். கைக்கடிகாரத்தை நியூயார்க் நேரத்திற்கு மாற்றியவுடன் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். எத்தனை மணி நேரத்திற்கு ஒரு முறை, எந்த அளவில் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு, சிங்கப்பூர் நேரத்தையும் நியூயார்க் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது நல்லது.

பயணத்திற்கு ஒரு வாரம் முன்பு, அதே எண்ணுள்ள விமானம் கடந்த சில நாட்களில் உண்மையில் எப்போது புறப்பட்டது, எப்போது இறங்கியது, எந்த வழியாகப் பறந்தது என்பதை விமானங்களைக் கண்காணிக்கும் தளங்களில் பாருங்கள். அந்தப் பருவத்தின் காற்றையும் அடைபட்ட வான்வெளிகளையும் அந்தப் பதிவுகளே காட்டிவிடும். ஏழெட்டு நாட்களின் சராசரியை எடுத்துக்கொண்டு, இறங்கிய பின் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகள் வருவதற்கும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் சேர்த்து, வரவேற்கச் செல்பவருக்கு அந்த நேரத்தையும் கிழமையையும் தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.